கண்டியில் மார்க்ஸ், முல்லோயாவில் யார்?

முதலாளித்துவத்துக்கு மாற்று என்ன என்ற கேள்வியைக் கண்டியில் இருந்துகொண்டு எழுப்பும் புலமையாளர்கள், அதற்கான விடைகளுள் ஒன்று இதே மலைகளில் ஏற்கனவே பரீட்சிக்கப்பட்டது என்பதை ஏன் மறந்துவிடுகிறார்கள்? கண்டியிலும் அதன் சுற்றாடலிலும் நடைபெற்ற மார்க்சிய ஆய்வரங்குகள் பலவற்றுக்குச் செய்தியாளனாகச் சென்றிருக்கிறேன். கிராம்சி பேசப்படுகிறார், அல்தூசர் பேசப்படுகிறார், லத்தீன் அமெரிக்கா விரிவாக அலசப்படுகிறது. மண்டபத்துக்கு வெளியே தெரியும் தேயிலை மலைக்கு மட்டும், மாலைத் தேநீருக்குப் பின்னர் ஆட்கள் கலைந்த வேளையில் கால்மணி நேரம் ஒதுக்கப்படுகிறது.

மார்க்சின் 'மூலதனம்' முதல் பாகம் வெளிவந்தது 1867இல். அதே ஆண்டில்தான் கண்டிக்கு அண்மையில், ஹேவாஹெட்டைப் பகுதியிலுள்ள லூல்கந்துர தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். தற்செயலான ஒற்றுமைதான். ஆயினும் இலங்கையில் மூலதனத்தைப் படிக்க விரும்புகிறவருக்கு இதைவிடப் பொருத்தமான பாடப்புத்தகம் வேறில்லை. 1840ஆம் ஆண்டின் முடிக்குரிய காணிச் சட்டம் கண்டிய விவசாயியின் காட்டு நிலங்களை அரசின் சொத்தாக்கியது. அந்நிலங்களில் உழைக்கத் தமிழகத்திலிருந்து மனிதர்கள் கொண்டுவரப்பட்டனர். பெருந்தோட்டம் இயந்திரத்தையோ தொழில்நுட்பத்தையோ நம்பி வளரவில்லை, மலிவான உழைப்பை நம்பியே வளர்ந்தது என்று பொருளியலாளர் எஸ். பீ. டி. டி சில்வா 1982இல் வெளிவந்த தமது நூலில் வாதிட்டார். அந்த வாதத்தைத் தொடர்ந்து எடுத்துச் சென்றவர்கள் எத்தனை பேர்?

இடதுசாரிகளுக்கு உரிய மதிப்பைக் கொடுத்துவிட்டே மேலே செல்ல வேண்டும். 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்ட வேலைநிறுத்தத்தின்போது தொழிலாளி கோவிந்தன் பொலிசாரால் சுட்டுக் கொல்லப்பட்டார். அந்தப் போராட்டத்தின் பக்கம் நின்றவர்கள் சமசமாஜிகள். 1948இல் பிரஜாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரை நாடற்றவராக்கியபோதும் பாராளுமன்றத்தில் அதை எதிர்த்தார்கள்.

அதன் பின்னர் நடந்தது என்ன? 1964 ஜூனில் லங்கா சமசமாஜக் கட்சி சிறிமாவோ அம்மையாரின் அமைச்சரவையில் சேர்ந்தது. அதே ஆண்டு அக்டோபர் 30இல், 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்பவும் 3,00,000 பேருக்கு மட்டும் இலங்கைப் பிரஜாவுரிமை வழங்கவும் ஒப்பந்தம் கைச்சாத்தானது. அந்த மக்களைக் கேட்காமலே அவர்களைப் பங்கிட்ட அரசாங்கத்தில் அக்கட்சி அங்கம் வகித்தது. 1970இல் அமைந்த ஐக்கிய முன்னணி அரசில் பெருந்தோட்டத்துறை அமைச்சராக இருந்தவர் கொல்வின் ஆர். டி சில்வா. 1972, 1975 காணிச் சீர்திருத்தச் சட்டங்களின் மூலம் தோட்டங்கள் அரசுடைமையாயின. தனியுடைமை ஒழிந்தது. ஆனால் லயம் லயமாகவே இருந்தது. 1970களின் நடுப்பகுதியில் தோட்டங்களில் மக்கள் பட்டினியால் மடிந்தார்கள். காணி மறுபங்கீடு என்ற பெயரில் கண்டிப் பகுதித் தோட்டங்களிலிருந்து தொழிலாளர் குடும்பங்கள் விரட்டப்பட்டன.

1992இல் பெரும்பாலான தோட்டங்களின் நிர்வாகம் தனியார் கம்பனிகளிடம் கொடுக்கப்பட்டது. அக்கம்பனிகளுக்காக நான் வக்காலத்து வாங்கவில்லை. 2021இல் நாட்சம்பளம் 1000 ரூபா என்று நிர்ணயிக்கப்பட்டபோதும், 2024இல் 1700 ரூபா என்று அறிவிக்கப்பட்டபோதும் நீதிமன்றப் படியேறியவர்கள் அவர்கள். ஆனால் கண்டி, மாத்தளை மாவட்டங்களில் அரசின் கையில் எஞ்சிய தோட்டங்களின் கதை என்ன? தொழிலாளரின் ஊழியர் சேமலாப நிதியும் பணிக்கொடையும் அங்கே ஆண்டுக்கணக்கில் செலுத்தப்படாமல் நிலுவையில் கிடந்தமை பாராளுமன்றத்திலேயே பேசப்பட்ட விடயம். பொதுவுடைமை பற்றிய ஆய்வுக்கட்டுரை படிப்பவர், பேருந்தில் போய்த் திரும்பக்கூடிய தூரத்தில் இருக்கும் இந்த அரசுடைமையை விசாரிக்க வேண்டாமா?

கோட்பாட்டை விவாதிக்கும் இடத்தில் சம்பளப் பிரச்சினையைக் கிளப்பலாமா என்று சில நண்பர்கள் கேட்கிறார்கள். தொழிற்சாலைப் பரிசோதகர்களின் அறிக்கைகளை வரிவரியாகப் படித்துத் தமது கோட்பாட்டைக் கட்டியவர் மார்க்ஸ். வேலை நேரமும் கூலியும் அவருக்குக் கோட்பாட்டுக்கு வெளியே இருக்கவில்லை. இடதுசாரிகளை இப்படி விமர்சிப்பது வலதுசாரிகளுக்கே உதவும் என்றும் சொல்கிறார்கள். 1964ஐயும் 1975ஐயும் நாமே விசாரிக்காவிட்டால், மாற்று என்ற சொல்லையே மலையகத்தவர் நம்ப மாட்டார்கள். வலதுசாரிகளுக்கு அதைவிடப் பெரிய உதவி வேறென்ன?

மொழியும் ஒரு பிரச்சினை. பேராதனையில் பயின்ற கைலாசபதியும் சிவத்தம்பியும் மார்க்சியத்தைத் தமிழில் சிந்திக்கவும் தர்க்கிக்கவும் ஒரு தலைமுறைக்கே பழக்கினார்கள். அந்த மரபு உருவான மண்ணில், ஆங்கிலத்தில் மட்டும் நடக்கும் ஒரு கருத்தரங்கு தோட்டத்துப் பாடசாலை ஆசிரியரைக்கூட வாசலோடு நிறுத்திவிடுகிறது.

அடுத்த அரங்கைக் கூட்டுகிறவர்களிடம் நான் கேட்பவை மூன்று. அரச தோட்டங்களின் ஐம்பதாண்டு வரவுசெலவை முதல் அமர்விலேயே எடுங்கள். லயத்தில் தலைமுறைகளாக வாழ்பவருக்குக் காணி உறுதி ஏன் இல்லை என்பதை உடைமை பற்றிய கேள்வியாகவே விவாதியுங்கள். தமிழிலும் சிங்களத்திலும் உரைபெயர்ப்புக்கு ஏற்பாடு செய்யுங்கள். முல்லோயாவிலிருந்து ஒருவரையாவது மேடைக்கு அழைத்தால், மாற்று எப்படி இருக்கக்கூடாது என்பதை அவரே விளக்குவார்.