அர்த்தத்துக்குக் கீழே உள்ள வரிகள்

கல்லூரி முடித்து வேலைக்கு மனுப் போடும் பிள்ளைகள் என்னிடம் அடிக்கடி கேட்பது இதைத்தான்: "அக்கா, இங்கிலீஷ் தப்பில்லாம எழுத நெட்ல எதைப் பார்க்கலாம்?" பெரும்பாலும் தமிழ்வழியில் படித்தவர்கள், பணம் கட்டிப் பயிற்சி வகுப்பில் சேர வசதி இல்லாதவர்கள். இவர்களுக்கு இலக்கணம் தெரியாது என்று சொல்லிவிட முடியாது. ஆக்டிவ் வாய்ஸைப் பேசிவ் வாய்ஸாக மாற்றச் சொன்னால் மளமளவென்று மாற்றிவிடுவார்கள். சொந்தமாக நாலு வரி எழுதச் சொன்னால்தான் கை நின்றுவிடுகிறது.

அவர்களுக்கு நான் முதலில் சொல்வது அகராதியை. ஆங்கிலம்-தமிழ் அகராதி அல்ல; ஆங்கிலம் கற்பவர்களுக்கென்றே எளிய ஆங்கிலத்தில் எழுதிய அகராதி. ஆக்ஸ்ஃபோர்டு லேர்னர்ஸ், கேம்பிரிட்ஜ், லாங்மன் மூன்றையும் இணையத்தில் காசில்லாமல் பார்க்கலாம்.

அகராதியைத் திறப்பவர்கள் அர்த்தம் தெரிந்ததும் மூடிவிடுகிறார்கள். எழுதுகிறவருக்கு வேண்டியது அதற்குக் கீழேதான் இருக்கிறது. ஆக்ஸ்ஃபோர்டில் 'டிஸ்கஸ்' என்று தேடிப் பாருங்கள். 'டிஸ்கஸ் அபவுட்' என்று எழுதக்கூடாது என்று அங்கே தனிக் குறிப்பே போட்டிருக்கிறார்கள். நம் அலுவலகக் கடிதங்களில் அன்றாடம் கண்ணில் படும் பிழை அது. 'அதைப் பற்றி விவாதித்தோம்' என்று தமிழில் நினைப்பதால் அந்த 'அபவுட்' தானாக வந்து ஒட்டிக்கொள்கிறது. 'டிஸ்கஷன்' பக்கத்துக்குப் போனால், பெயர்ச்சொல்லோடு 'அபவுட்' சேர்ந்து வருவதை எடுத்துக்காட்டு வாக்கியங்களே காட்டும். 'இன்ஃபர்மேஷன்' சொல்லுக்குப் பக்கத்தில் எண்ண முடியாத பெயர்ச்சொல் என்ற அடையாளம் இருக்கும். அதைக் கவனித்த பிள்ளை அப்புறம் 'இன்ஃபர்மேஷன்ஸ்' என்று எழுதமாட்டாள். 'ஃபர்னிச்சர்', 'எக்விப்மென்ட்' எல்லாவற்றுக்கும் இதே கதைதான்.

இந்த வகை அகராதி பிறந்த விதம் எனக்கு மிகவும் பிடிக்கும். ஏ. எஸ். ஹார்ன்பி என்ற ஆங்கிலேயர் 1924-ல் ஜப்பானுக்கு ஆங்கிலம் கற்பிக்கப் போனார். ஒரு சொல்லின் பொருள் மட்டும் தெரிந்தால் போதாது, அதை வாக்கியத்தில் எப்படி வைப்பது என்பதும் தெரிய வேண்டும் என்பதுதான் அவருடைய வேலைக்கு அடிப்படை. வினைச்சொற்கள் எந்த அமைப்பில் வரும் என்பதை வகைப்படுத்தி, இரு துணைவர்களோடு அவர் தொகுத்த அகராதி 1942-ல் டோக்கியோவில் வெளியானது. 1948-ல் ஆக்ஸ்ஃபோர்டு அதைத் தன் பதிப்பாகக் கொண்டுவந்தது. வேறு மொழியில் யோசித்துவிட்டு ஆங்கிலத்துக்கு வருகிறவர்களை மனதில் வைத்தே எழுதிய புத்தகம் அது. நம்மையும் சேர்த்துத்தான்.

எந்தச் சொல் எதோடு சேரும் என்று பார்க்க 'ஸ்கெல்' என்ற இலவசத் தளம் இருக்கிறது. ஒரு சொல்லைக் கொடுத்தால், அது உண்மையில் புழங்கும் வாக்கியங்களை வரிசையாகக் காட்டும். தமிழில் கனவைக் காண்கிறோம். 'ட்ரீம்' என்று போட்டுப் பார்த்தால் ஆங்கிலத்தில் அதோடு 'ஹேவ்' சேர்வது தெரியவரும். ஆராய்ச்சிக் கட்டுரை, மேல்படிப்பு விண்ணப்பம் எழுதுகிறவர்களுக்கு அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகம் 1994 முதல் நடத்திவரும் 'ஆவுல்' தளம் போதும்.

அடுத்தது 'ஏ', 'ஆன்', 'தி' என்ற தொல்லை. உயிரொலிக்கு முன்னால் 'ஆன்' போடு என்று பள்ளியில் சொல்லித்தருகிறார்கள். நம் சிக்கலோ அந்த இடத்தில் எதையாவது போட வேண்டுமா, வேண்டாமா என்பது. விதிகளை மனப்பாடம் செய்து இதைப் பிடித்தவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. காதால் பிடிக்கலாம். பிபிசி லேர்னிங் இங்கிலீஷில் 'சிக்ஸ் மினிட் இங்கிலீஷ்' என்று ஒரு நிகழ்ச்சி உண்டு. பேச்சின் முழு எழுத்து வடிவத்தையும் கூடவே தருவார்கள். ஒரு நிமிடப் பேச்சை மட்டும் கேட்டு, நிறுத்தி நிறுத்தி நோட்டில் எழுதுங்கள். பிறகு அவர்கள் தந்திருப்பதோடு ஒப்பிடுங்கள். பெரிய சொற்களெல்லாம் சரியாக விழுந்திருக்கும். 'தி'யும் 'ஏ'வும்தான் விட்டுப்போயிருக்கும். அவர்கள் அவற்றை அழுத்திச் சொல்வதில்லை, நம் காதும் தேடுவதில்லை. விட்டுப்போன இடங்களில் சிவப்பு மையால் எழுதுங்கள். அந்தப் பக்கத்தைப் போல உங்களுக்கென்று பாடம் சொல்லும் இலக்கணப் புத்தகம் கடையில் கிடைக்காது.

எழுதியதைத் திருத்த ஆள் வேண்டுமே என்பார்கள். நியாயமான கவலைதான். கேம்பிரிட்ஜின் 'ரைட் அண்ட் இம்ப்ரூவ்' தளத்தில் ஒரு தலைப்பில் எழுதிப் போட்டால், ஏ1 முதல் சி2 வரையிலான தர வரிசையில் நாம் எங்கே நிற்கிறோம் என்று சொல்லும். சந்தேகத்துக்குரிய வாக்கியத்துக்கு நிறம் கொடுத்துக் காட்டும். நாமே யோசித்து மாற்றி மறுபடி அனுப்பலாம். கிராமர்லியும் சாட்ஜிபிடியும் ஒரு தட்டலில் சுத்தமான வாக்கியத்தைக் கையில் கொடுத்துவிடுகின்றன. நாளைக்குள் அனுப்ப வேண்டிய மனுவுக்கு அது உதவும், வேண்டாம் என்று சொல்லமாட்டேன். ஆனால் கற்றுக்கொள்ள உட்காரும்போது அவற்றிடம் "திருத்தித் தா" என்று கேட்காதீர்கள். "எந்த வரியில் பிழை இருக்கிறது என்று மட்டும் காட்டு, திருத்தத்தைச் சொல்லாதே" என்று கேளுங்கள். காட்டிய வரியில் இருக்கும் வினைச்சொல்லை எடுத்துக்கொண்டு அகராதிக்குப் போங்கள்.