மேல்விலங்கு வெட்டுப்பட்ட ஊர்ப்பெயர்

திருச்சியில் கணினி படிக்கும் அக்கா மகள் போன ஞாயிறு வந்திருந்தபோது மடிக்கணினியைத் திருப்பிக் காட்டினாள். "மாமா, நம்ம ஊருக்கு ஒரு இணையப் பக்கம் போட்டிருக்கேன். ஒரு வரி கோடு எழுதல." உண்மைதான். பக்கம் கட்டும் ஒரு கருவியில் பெட்டிகளை இழுத்து இழுத்து வைத்திருக்கிறாள். மேலே விராலிமலைக் குன்று, நடுவில் மயில், கீழே முருகனுக்குச் சுருட்டுப் படைக்கும் கதை. அரைநாள் வேலையாம். நான் படித்த காலத்தில் ஒரு வாரம் ஆகியிருக்கும். மனதார மெச்சினேன்.

அப்புறம் கைப்பேசியில் திறந்தோம். ஊர்ப்பெயரே சரியில்லை. 'வி'யிலும் 'லி'யிலும் மேல்விலங்கு வெட்டுப்பட்டு, 'வராலமலை' என்று நின்றது. அவள் எடுத்த வார்ப்புரு ஆங்கில எழுத்துக்காகச் செய்தது. கைப்பேசித் தலைப்புக்கு வரி உயரம் 1 என்று வைத்து, பெட்டியைத் தாண்டுவதை மறைக்கவும் சொல்லியிருந்தது. மேலே விலங்கும் கீழே சுழியும் உள்ள நம் எழுத்துக்கு அது எப்படிப் போதும்? 1.6 ஆக்கியதும் ஊர் திரும்பி வந்தது.

எனக்கு அதைவிடப் பெரிய வருத்தம் இன்னொன்று. விராலிமலைக் கோயிலில் சதிர் ஆடிய 32 பேரில் கடைசியானவர், 2022இல் பத்மஸ்ரீ பெற்ற முத்துக்கண்ணம்மாள். அவர் பெயரையும் குறிப்பையும் இவள் படத்தின் மேல் எழுதி, படமாகவே சேமித்திருந்தாள். கண்ணுக்கு அழகுதான். ஆனால் பார்வையற்றவரின் திரைவாசிப்பானுக்கு அங்கே ஓர் எழுத்தும் கிடையாது. தேடுகிறவருக்கும் அந்தப் பெயர் அகப்படுவது சந்தேகம். அதைப் பிரித்து எழுத்தாகவே தட்டச்சு செய்ய வைத்தேன்.

இதையெல்லாம் நாங்களே கைவைத்துத் திருத்த முடிந்ததற்குக் காரணம், அந்தக் கருவி பக்கத்தின் கோடை எக்ஸ்போர்ட் செய்ய விட்டதுதான். பெட்டிக்குள் பெட்டியாகப் பின்னிக் கிடந்தாலும் கோடு நம் கையில் இருந்தது. எல்லாக் கருவியும் அப்படி விடாது. விக்ஸில் கட்டிய தளத்தை வேறிடம் தூக்கிப் போக வழியில்லை. வெப்ஃப்ளோ காசு கட்டினால் தரும். கிரேப்ஸ்ஜேஎஸ் திறமூலம், இலவசமாகவே தரும். இழுத்து வைக்கும் வசதியைவிட முதலில் இதைத்தான் விசாரிக்க வேண்டும் என்பேன். 2009 அக்டோபரில் யாஹூ, பலரும் பக்கம் கட்டி வைத்திருந்த ஜியோசிட்டீஸ் தளத்தை மூடியபோது, பிரதி எடுத்து வைக்காதவர்களின் பக்கங்கள் அதோடு போயின. தமிழர்கள் ஆசையாகக் கட்டியவையும் அதில் உண்டு. சிலவற்றை இன்டர்நெட் ஆர்க்கைவ் பிடித்து வைத்தது.

ஒன்று மட்டும் அன்றைக்கு முடியவில்லை. ஊர்க்காரர்கள் தங்கள் நினைவுகளை எழுத ஒரு படிவம் வைத்திருந்தாள். எக்ஸ்போர்ட் செய்த பக்கத்தில் 'அனுப்பு' பொத்தானை அழுத்தினால் எதுவும் எங்கும் போகவில்லை. கோடாக வந்தது படிவத்தின் தோற்றம்தான். எழுதியதை வாங்கி வைக்கும் சர்வர் அந்தக் கம்பெனியிடமே இருக்கிறது. "அதை நானே எழுதிப் பாக்குறேன் மாமா" என்றாள். என்னுடைய பழைய பிஎச்பி நிரல் புத்தகத்தைத் தூசி தட்டிக் கொடுத்தனுப்பினேன்.