கண் முகாம்களில் வெண்புரை மட்டும் பார்த்தால் போதுமா?

சப்ரகமுவவில் பள்ளிவாசல்களும் நலன்புரிச் சங்கங்களும் நடத்தும் இலவசக் கண் முகாம்களுக்குப் பக்கத்துத் தோட்ட மக்களும் வருகிறார்கள். மூக்குக் கண்ணாடி கொடுக்கிறோம். வெண்புரை உள்ளவர்களை வைத்தியசாலைக்கு அனுப்புகிறோம். நல்ல பணிதான். ஆனால் அதில் ஒரு குறை இருக்கிறது.

என்னிடம் படிக்கும் மாணவன் ஒருவனின் பாட்டி, இறப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவர். கண் மங்கியபோது, "வெள்ளை முத்தட்டும், பிறகு வெட்டலாம்" என்று இரண்டு வருடம் காத்திருந்தார். கடைசியில் வெண்புரையோடு குளுக்கோமாவும் இருப்பது தெரிந்தது. இரண்டுக்கும் ஒரே தடவையில் சத்திரசிகிச்சை செய்தார்கள். இன்று நேரே இருப்பது தெரிகிறது, பக்கவாட்டில் தெரியவில்லை. "ஒப்பரேஷன் செஞ்சும் ஏன் சேர் முழுசா தெரியல?" என்று கேட்கிறார்.

வெண்புரை என்பது கண்வில்லை மங்குவது. அதை எடுத்துவிட்டுச் செயற்கை வில்லை வைத்தால் பார்வை திரும்பும். குளுக்கோமா அப்படியல்ல. பெரும்பாலும் கண்ணுக்குள் ஊறும் நீர் சரியாக வடியாமல் அழுத்தம் கூடி, பார்வை நரம்பு மெல்ல மெல்லச் சாகிறது. பொதுவாக வலி இருக்காது. போன பார்வை திரும்பாது. இரண்டையும் சேர்த்துச் செய்யும்போது, வில்லையை மாற்றுவதோடு நீர் வடிய ஒரு புதிய சிறு வழியும் அமைக்கிறார்கள். அந்த வழி எஞ்சிய பார்வையைக் காப்பதற்கு மட்டுமே.

எல்லோருக்கும் இது தேவைப்படாது. சிலருக்குச் சொட்டு மருந்தே போதும். அதை வைத்தியர்தான் தீர்மானிக்க வேண்டும். இரண்டு தடவை வைத்தியசாலையில் படுப்பது ஒன்றாகக் குறைவது நாட்சம்பளக் குடும்பத்துக்கு ஆறுதல். ஆனால் அமைத்த வழி தழும்பு விழுந்து அடைபடலாம் என்பதால், முதல் வாரங்களில் பல தடவை கிளினிக் போக வேண்டும். துணைக்குப் போகிறவருக்கு ஒவ்வொரு தடவையும் ஒரு நாள் பேர் இல்லை. "கண்தான் தெரியுதே" என்று பலர் நிறுத்திவிடுகிறார்கள்.

பயமும் உண்டு. 2023இல் நுவரெலியா வைத்தியசாலையில் வெண்புரை சத்திரசிகிச்சை செய்தவர்களுக்கு, இந்தியாவிலிருந்து வந்த பிரெட்னிசொலோன் சொட்டு மருந்தால் பாதிப்பு ஏற்பட்ட செய்தி லயங்கள் வரை வந்தது. மருந்தின் தரத்துக்கு அரசு பொறுப்புச் சொல்ல வேண்டும். ஆனால் நம் பயம் தீரும்வரை குளுக்கோமா காத்திருக்காது.

நாம் செய்யக்கூடியவை மூன்று. 40 வயது தாண்டிய அனைவருக்கும் முகாமிலேயே கண் அழுத்தமும் பார்வை நரம்பும் பார்க்க ஏற்பாடு செய்வோம். நோய் உள்ளவரின் உடன்பிறந்தவர்களையும் பிள்ளைகளையும் அழைப்போம். ஸதகா நிதியில் ஒரு பங்கைப் பின்தொடர் கிளினிக்கின் பஸ் கட்டணத்துக்கும் இழந்த சம்பளத்துக்கும் ஒதுக்குவோம். மூன்றாவது, எந்தச் சொட்டு எத்தனை தடவை என்று தமிழில் எழுதிக் கொடுப்போம். 1987 முதல் தமிழும் அரச கரும மொழி. ஆனாலும் வாசிக்க முடியாத துண்டோடு வீடு திரும்புகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

அடுத்த முகாமை ஏற்பாடு செய்யும் சகோதரர்கள் இதைக் கவனத்தில் எடுப்பார்கள், இன்ஷா அல்லாஹ்.