விடியற்காலையில் கிளம்பாத பழைய டீசல் ஜீப்புகள்

கம்பம் பள்ளத்தாக்கில் மார்கழி, தை மாதங்களில் கோழி கூவுமுன் கேட்கும் சப்தங்களுள் ஒன்று, கிளம்ப மறுக்கும் ஜீப்பு வண்டியின் முனகலாகும். உத்தமபாளையம், கம்பம், கூடலூர், தேவாரம் முதலிய ஊர்களினின்றும் இடுக்கி ஜில்லாவின் ஏலத்தோட்டங்களுக்கு நாடோறும் ஜீப்பில் ஏறிச் சென்று அந்தியில் திரும்பும் பெண்கள் மிகப் பலர். சோற்றுத் தூக்குடன் இருட்டில் தெருமுனையில் நிற்கும் அவர்களுக்கு, வண்டி ஒரு மணி நேரம் தாமதித்தால் அன்றைய கூலியே நஷ்டமாகலாம். பன்னீர் திராட்சையோ தக்காளியோ ஏற்றிய வண்டியானால் சந்தை விலை போய்விடும். காரணம் கேட்டால், “பனி அதிகம், டீசல் உறைந்துவிட்டது” என்னும் விடையே பெரும்பாலும் கிடைக்கும். இவ்விடையைச் சொந்தக்காரரும் நம்புகிறார், மெக்கானிக்கும் மறுப்பதில்லை. ஆயினும் இது சரியான விடையன்று.

டீசல் எண்ணெய்க்கு நம் நாட்டில் ஏற்பட்டுள்ள ஐ.எஸ். 1460 என்னும் தரவிதியின்படி, அது ஓட்டம் நின்று இறுகும் நிலை குளிர்காலத்தில் 3 டிகிரி செல்சியஸுக்கும், கோடையில் 15 டிகிரிக்கும் மேற்படலாகாது. உத்தமபாளையத்தில் தை மாதத்துப் பின்னிரவிலும் உஷ்ணம் அந்தக் குளிர்கால எல்லைக்கு இறங்குவதில்லை. சுமார் 1,500 மீட்டர் உயரத்திலுள்ள மூணாற்றில் புல்லின்மேல் உறைபனி படியும் சில இரவுகளுக்கு வேண்டுமானால் மேற்படி சமாதானம் பொருந்தலாம். பள்ளத்தாக்கின் தரைக்கு அது பொருந்தாது.

அப்படியாயின் மத்தியானத்தில் ஒரே சுற்றில் கிளம்பும் வண்டி விடியற்காலையில் ஏன் மறுக்கிறது? ருடால்ப் டீசல் என்னும் ஜெர்மானியர் 1892-ல் உரிமை கோரி, 1897-ல் ஆக்ஸ்பர்க் நகரில் ஓட்டிக் காட்டிய யந்திரத்தின் தத்துவத்தில் இதற்கு விடை உண்டு. பெட்ரோல் யந்திரத்திலுள்ள தீப்பொறி இதில் இல்லை. சிலிண்டருக்குள் இழுத்த காற்று பதினாறில் ஒரு பங்கு முதல் இருபத்திரண்டில் ஒரு பங்கு வரை இறுக்கப்படுகிறது. சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பாகம் சுடுவதுபோல, அவ்விறுக்கத்தால் காற்று 500 டிகிரிக்கு மேலும் சூடேறுகிறது. அதனுள் பனிப்புகைபோல் தெளிக்கப்படும் எண்ணெய் தானே பற்றிக்கொள்கிறது. ஆகவே கிளம்புவதற்கு வேண்டியவை, காற்று கசியாத சிலிண்டர், வேகமான சுழற்சி, வேளை தவறாத எண்ணெய் ஆகிய மூன்றே. ரிங்குகள் தேய்ந்து, பேட்டரி தளர்ந்து, குழாய்கள் வெடித்த வண்டியிலும், இஞ்சின் சூடாயிருக்கும்வரை அந்தச் சூடே குறைகளை ஈடு செய்துவிடுகிறது. இரவு முழுதும் ஆறிய இரும்பு, இறுக்கத்தால் உண்டாகும் சூட்டில் பெரும்பங்கை உறிஞ்சிக்கொள்வதால், பல மாதங்களாக மறைந்திருந்த குறை காலையில் வெளியே வருகிறது.

நோயை அறிய முதலில் பார்க்கத்தக்கது புகைக்குழாய். ஒருவர் செல்பைச் சுழற்றும்போது மற்றொருவர் பின்னால் நின்று கவனித்தால் போதும். வெண்புகை வருமாயின் எண்ணெய் சிலிண்டரை அடைந்தும் பற்றவில்லை; சூடு போதவில்லை என்று கொள்ளவேண்டும். புகையே இல்லையாயின் எண்ணெய் வந்து சேரவில்லை என்று பொருள். காசு செலவில்லாத இச்சோதனையைச் செய்யாமலே பம்பைக் கழற்றிச் சர்வீசுக்கு அனுப்புவது நம் பட்டறைகளிற் பரவியுள்ள வழக்கம். பம்பு திரும்பி வந்தபின்பும் வண்டி பழையபடியே முனகுவதைக் கண்டவர் பலர்.

புகை இல்லாத வண்டியில் பெரும்பாலும் குற்றவாளி காற்றே. டாங்கிக்கும் ஃபீட் பம்புக்கும் இடையிலுள்ள குழாயில் எண்ணெய் உறிஞ்சப்படுவதேயன்றித் தள்ளப்படுவதில்லை. ஆகையால் அங்குள்ள வெடிப்பில் எண்ணெய் வெளியே ஒழுகாது. காற்று உள்ளே புகும். தரையில் ஒரு சொட்டும் காணாமையால், “கசிவு இல்லை” என்று ஓட்டுபவர் சத்தியம் செய்வார். வண்டி ஓடும்போது அந்தச் சொற்பக் காற்று தொல்லை தருவதில்லை. இரவில் நிறுத்தியபின் அவ்வழியே காற்று புகப் புக, குழாயிலுள்ள எண்ணெய் மெள்ள மெள்ள டாங்கிக்கே திரும்பிவிடுகிறது. விடியற்காலையில் செல்பு சுழற்றுவதெல்லாம் வெற்றுக் குழாயை நிரப்புவதற்கே செலவாகிறது. சில அடிகள் ஹேண்ட் பிரைமரால் அடித்தவுடன் வண்டி கிளம்புமானால் நோய் இதுவே. ஃபில்டருக்கு முன்னால் ஒரு சாண் கண்ணாடிபோன்ற பிளாஸ்டிக் குழாயைத் தற்காலிகமாகப் பொருத்தினால் குமிழிகள் ஓடுவதைக் கண்ணாலேயே காணலாம். இறுகிப்போன ரப்பர்க் குழாய், பலமுறை பயன்பட்டுத் தட்டையான செம்பு வாஷர், ஃபில்டர் மூடியின் பழைய ரப்பர் வளையம் ஆகியவற்றை மாற்றினால் பெரும்பாலும் தீர்ந்துவிடும். சில பம்புகளில் எண்ணெயைத் திறந்துவிடும் சாலினாய்டு ஒன்று உண்டு. சாவியைத் திருப்பியதும் அதில் ‘டக்’கென்னும் ஓசை எழாவிடில் அதன் கம்பியையும் பார்க்கவேண்டும்.

வெண்புகை வரும் வண்டியில் ஹீட்டர் பிளக்குகளை முதலில் பார்ப்பது முறை. ஆனால் எந்த இஞ்சினில் அவை உண்டு என்பதையே பலர் அறியார். பெஜோ கம்பெனியின் உரிமம் பெற்று மஹிந்திரா கம்பெனியார் செய்த எக்ஸ்.டி.பி. 4.90 இஞ்சினில் எண்ணெய் முதலிற் சிறு அறையொன்றில் தெளிக்கப்படுவதால், அவ்வறையைச் சூடேற்ற ஹீட்டர் பிளக் அவசியம். சிலிண்டருக்குள் நேரே தெளிக்கும் பழைய இஞ்சின்களிலோ பெரும்பாலும் அவை கிடையா. அங்கே ‘ஹீட்டர் போட்டு’ நேரங் கடத்துவது வீண். சோதனை எளிது. பிளக்கின் கம்பியைக் கழற்றி, பேட்டரியின் பாசிடிவ் முனைக்கும் பிளக்கின் தலைக்கும் நடுவே 12 வோல்ட் விளக்கொன்றைத் தொட்டால், எரியாத இடத்திலுள்ள பிளக் கெட்டது. ஒன்று கெட்டால் நான்கையும் மாற்றுவது செலவாகத் தோன்றினும் சிக்கனமே.

பேட்டரி விஷயத்தில் ஏமாற்றம் அதிகம். விளக்கு பிரகாசமாய் எரிவதால் பேட்டரி நன்றென்று எண்ணலாகாது. விளக்குக்கு வேண்டுவது சொற்பம், செல்புக்கு வேண்டுவது அதனினும் பன்மடங்கு. ஹைட்ரோமீட்டரில் திராவகம் 1.250-க்குக் குறைந்தால் சார்ஜ் செய்யவேண்டும். செல்பு சுழலும்போது வோல்ட் ஒன்பதரைக்குக் கீழே விழுந்தால் பேட்டரியோ செல்போ கெட்டுள்ளது. இஞ்சினுக்கும் சேசிசுக்கும் இடையிலுள்ள எர்த் பட்டையைத் துருப்பிடிக்க விட்டுவிட்டு, புதுப் பேட்டரி வாங்கினவர்களும் உண்டு. செல்பைச் சுழற்றியவுடன் முனைகளைக் கையால் தொட்டுப் பார்த்து, எது சுடுகிறதோ அதைச் சுரண்டித் துடைத்தால் அச்செலவு மிஞ்சியிருக்கும். புகையைக் குறைப்பதாக நினைத்து ஆயிலைத் தடிப்பாக ஊற்றுவதும் விடியற்காலையில் செல்பின் கழுத்தைப் பிடிக்கிறது. இவ்வளவும் சரியாயிருந்து வெண்புகை நீங்காவிடில் மாத்திரமே வால்வு இடைவெளி, நாசில், கம்ப்ரஷன் என்று போகவேண்டும். ரிங் தேய்ந்த இஞ்சினுக்கு வேறு மருந்தில்லை.

இச்சோதனைகளைச் செய்யாதவர்கள் கையாளும் குறுக்கு வழிகளே கவலைக்குரியவை. மண்ணெண்ணெய்த் துணியைக் கொளுத்தி இஞ்சினடியில் காட்டுவது ஒன்று. இவ்வழக்கத்துக்கு ஒரு பூர்வீகம் உண்டு: 1921-ல் ஜெர்மனியில் வெளிவந்த லான்ஸ் புல்டாக் டிராக்டர் போன்ற பழைய யந்திரங்களில், தலையிலுள்ள இரும்புக் குமிழை ஊதுவிளக்கால் பழுக்கக் காய்ச்சியே கிளப்பவேண்டும். டீசல் ஜீப்பில் அத்தகைய குமிழ் இல்லை. ரப்பர்க் குழாய்களும் எண்ணெய்ப் பிசுக்கும் மின்கம்பிகளுமே உள்ளன. காற்று இழுக்கும் வாயில் பெட்ரோல் துணி வைப்பதும், ஈதர் தெளிப்பதும் அதனினும் கேடு. ஹீட்டர் பிளக் சூடாயிருக்கையில் அவை வேளைக்கு முன்பே வெடித்து, பிஸ்டனையும் ரிங்கையும் உடைக்கும்.

எல்லாவற்றினும் கொடியது சரிவில் உருட்டிக் கிளப்புவது. தோட்டத்தில் வண்டியை எப்பொழுதும் இறக்கத்தை நோக்கியே நிறுத்தி, மாலையில் ஆட்களை ஏற்றிக்கொண்டு கியரில் விட்டுக் கிளப்பும் வழக்கம் மலைமேல் சாதாரணம். வாக்குவத்தின் உதவியால் வேலை செய்யும் பிரேக்குகளுக்கு அந்த வாக்குவத்தைத் தருவது, ஆல்டர்னேட்டரோடு சேர்ந்து சுழலும் சிறு பம்பு. இஞ்சின் ஓடாதபோது இரண்டு மூன்று மிதிக்குள் அவ்வுதவி தீர்ந்து, பெடல் கல்லைப்போல் இறுகிவிடும். குமுளி மலைச்சாலையிலோ கம்பம்மெட்டுச் சாலையிலோ, இஞ்சின் பற்றாமலே முதல் வளைவு வந்துவிட்டால், பின்னால் அமர்ந்திருக்கும் பெண்களைக் காப்பது எது?

பழியை ஓட்டுபவர்மேல் போடுவது எல்லாருக்கும் சுலபம். வண்டியின் நோயை முதலில் அறிபவர் அவரே; ரப்பர்க் குழாய்க்கும் பேட்டரிக்கும் பணம் கொடுக்கவேண்டியவர் சொந்தக்காரர். “ஓடுகிற வரைக்கும் ஓடட்டும்” என்று சொந்தக்காரர் கையை விரித்தபின்பே ஓட்டுபவர் சரிவைத் தேடுகிறார். உழவுமாடு கால் தாங்கி நடந்தால் அன்றே வைத்தியரைத் தேடும் குடியானவர், வண்டிக்கு மாத்திரம் அறுவடை முடியட்டும் என்று தவணை சொல்வது விந்தையே. ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றும் வண்டிகளின் சொந்தக்காரர்கள் கார்த்திகை பிறந்தவுடன் ஒருநாள் வண்டியை வேலைக்கு அனுப்பாது நிறுத்தி, மேற்சொன்ன குழாய், வாஷர், பிளக், பேட்டரி, எர்த் பட்டை ஆகியவற்றை ஓட்டுபவரையும் உடன்வைத்துக்கொண்டு சோதிக்கவேண்டும். அன்றிரவு வண்டியைச் சமதரையில் நிறுத்தி, மறுநாள் விடியுமுன் யாரும் தள்ளாமல் கிளப்பிப் பார்த்த பிறகே ஆட்களை ஏற்றவேண்டும்.