பீப்பாய் அளந்தவர் வரைந்த பாதை

மூன்று வாரங்களுக்கு முன் காலை நிகழ்ச்சிக்கு ஒரு நேயர் வாட்ஸ்அப் அனுப்பியிருந்தார். “அக்கா, படிக்கிறப்போ நிறைய வரைவேன். வேலைக்குப் போனதும் விட்டுப்போச்சு. இனிமே முடியுமா?” அடுத்த பாடலுக்கு இருபது வினாடிதான் இருந்தது. “கண்டிப்பா முடியும், மனசு வெச்சா போதும்!” என்று சிரித்தபடி சொல்லிவிட்டுப் பாட்டைப் போட்டுவிட்டேன். வீட்டுக்குக் காரோட்டும்போது அந்தப் பதில் எனக்கே பிடிக்கவில்லை. மனசு மட்டும் போதுமென்றால் அவர் ஏன் விட்டிருக்கப் போகிறார்?

அன்றிலிருந்து ஹொபெமா ஞாபகமாகவே இருக்கிறது.

மைண்டெர்ட் ஹொபெமா, 1638-இல் ஆம்ஸ்டர்டாமில் பிறந்த டச்சு இயற்கைக் காட்சி ஓவியர். சிறுவயதில் தம்பி தங்கையோடு அநாதை இல்லத்தில் சேர்க்கப்பட்டவர். பிறகு, அக்காலத்தின் பெரிய ஓவியரான யாக்கோப் வான் ரைஸ்டாலிடம் சில ஆண்டுகள் தொழில் கற்றார். குருவின் வானத்தில் பெரும்பாலும் மழைக்கு முந்தைய இருட்டு இருக்கும். சிஷ்யரும் அதே மாதிரி காட்டைத்தான் வரைந்தார். ஆனால் மரங்களுக்கு நடுவே எங்காவது ஓரிடத்தில் வெயிலை உள்ளே விட்டுவிடுவார். ஓடையோரம், பழைய நீர்ச்சக்கர ஆலை, மண்பாதை என்று இருபதுகளில் வரைந்து தள்ளினார்.

1668-இல் கல்யாணம். பெண், நகரத் தலைவர் ஒருவர் வீட்டில் சமையல் வேலை பார்த்தவர். அந்தச் சமயத்திலேயே அவருக்கு ஒரு நிரந்தர வேலையும் கிடைத்தது. வெளிநாட்டிலிருந்து வந்திறங்கும் ஒயின் பீப்பாய்களில் எவ்வளவு இருக்கிறது என்று வரிக்காக அளந்து கணக்கெழுதும் வேலை. அதன்பிறகு அவர் வரைந்த படங்கள் வெகு குறைவு. முப்பது வயதில் சம்பளம், குடும்பம், தூரிகை மூலையில். நமக்குத் தெரியாத கதையா என்ன?

ஆனால் 1689-இல், ஐம்பத்தொரு வயதில், ‘மிடெல்ஹார்னிஸ் சாலை’யை வரைந்தார். இன்று லண்டன் நேஷனல் கேலரியில் இருக்கிறது. நான் மீடியா படித்தபோது ‘ஃப்ரேமிங்’ வகுப்பில் விரிவுரையாளர் இதைத்தான் திரையில் போட்டுக் காட்டினார். நேராக நம்மை நோக்கி வரும் ஒரு மண்சாலை. இரண்டு பக்கமும் கீழ்க்கிளைகள் கழிக்கப்பட்டு, உச்சியில் மட்டும் கொத்தாக இலை வைத்த ஒல்லி மரங்கள். நாயோடு நடந்து வரும் ஒருவர், வலப்பக்கம் செடிகளைப் பராமரிக்கும் இன்னொருவர், தூரத்தில் தேவாலயக் கோபுரம். மற்றதெல்லாம் வானம். அதற்குமுன் அவர் வரைந்த அடர்காட்டுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை, அப்படியொரு வெட்டவெளி.

படத்திலுள்ள தேதியில் ஓர் இலக்கம் தேய்ந்திருந்தது. அதனால் அது 1669 ஆகத்தான் இருக்கும் என்று வாதிட்டவர்கள் உண்டு. இருபது வருஷம் பீப்பாய் அளந்தவரால் இப்படி வரைய முடியுமா என்ற சந்தேகம்தான். எனக்கு அந்தச் சந்தேகத்தின்மேல் கொஞ்சம் கோபமே வருகிறது.

அதற்காக முடிவை மறைக்க முடியாது. 1709-இல் இறந்தபோது அவரை ஏழைகளோடுதான் புதைத்தார்கள். அரசாங்க வேலையும் காப்பாற்றவில்லை, படமும் காப்பாற்றவில்லை.

பிடித்த விஷயம் ஒன்று பாக்கி. எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தபோது, முன்பக்கத்தில் சாலைக்கு இருபுறமும் ஒவ்வொரு மரம் முதலில் வரையப்பட்டிருந்தது தெரியவந்தது. பிடிக்காமல் அவரே அவற்றை மூடிவிட்டிருக்கிறார். இத்தனை வருஷத்துக்குப் பிறகும், போட்டதை அழித்துத் திருத்தும் பொறுமை கையில் இருந்திருக்கிறது.

அந்த நேயருக்கு இன்று காலைதான் இந்தப் படத்தை அனுப்பினேன். இரண்டு நீல டிக் விழுந்திருக்கிறது. பதில் இன்னும் இல்லை. ஆபீஸ் நேரம்.