ஜெர்சி வாங்கியாச்சு, வரலாறு?



இங்கிலாந்தில் மகன் வீட்டுக்கு வந்த இடத்தில், ரயிலில் மான்செஸ்டருக்கு ஒரு நாள் சுற்றுலா போனேன். வழிகாட்டியோடு ‘கால்பந்துப் பாரம்பரியம்’ பார்க்கும் பயணமாம். மைதானம், கோப்பைகள், கடை. கடையில் மட்டும் முக்கால் மணி நேரம்!

எனக்குக் கோபம்தான் வந்தது. ரயிலில் கூட்டிப்போனவர்களுக்கு, மான்செஸ்டர் யுனைடெட்டே ரயில்வேக்காரர்கள் பெற்ற பிள்ளை என்று சொல்லத் தோன்றவில்லையே! 1878இல் நியூட்டன் ஹீத் ரயில்பெட்டிப் பணிமனைத் தொழிலாளர்கள் தொடங்கிய அணி அது. இன்றைய பெயர் 1902இல்தான் வந்தது. 1907இல் இதே ஊரில் இம்பீரியல் ஹோட்டலில் கூடி, பில்லி மெரிடித் முதலிய ஆட்டக்காரர்கள் சங்கம் தொடங்கினார்கள். அன்று வாரச் சம்பளத்துக்கு உச்சவரம்பு நான்கு பவுண்டு. மைதானம் நிரம்பி வழிந்தாலும் அவ்வளவுதான். வரம்பு என்ற ஒன்றே ஒழிய 1961 ஆயிற்று.

“இதையெல்லாம் யார் சார் கேட்கிறார்கள்?” என்பீர்கள். சொல்லாததை எப்படிக் கேட்பார்கள்? பாடமே நடத்தாமல் ‘பிள்ளைகள் கேட்கவில்லை’ என்று நான் சொல்லியிருந்தால், உங்கள் பெற்றோர் சும்மா விட்டிருப்பார்களா? கோப்பையைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்தால் போதும், எல்லாருக்கும் தெரியும். உழைத்தவனை யாராவது வாய் திறந்து சொன்னால்தான் தெரியும்.

அந்தப் பக்கம் போகிறவர்கள் நியூட்டன் ஹீத்துக்கும் பிள்ளைகளைக் கூட்டிப்போங்கள். இன்றும் அங்கே ரயில் பணிமனை இருக்கிறது. ஜெர்சி வாங்குங்கள், தப்பில்லை. அதைப் பிள்ளைக்கு மாட்டிவிடும்போது, ‘இது பணிமனை ஆட்கள் ஆரம்பித்த அணி’ என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். அதுதான் இந்த வாத்தியாருக்கு நீங்கள் தரும் குருதட்சிணை.