200 ரூபா எல்லாம் ஒரு காசா?

பதிவு கொஞ்சம் நீளம். ஊர் ஆக்கள் பாதியில் விட்டுப் போகாமல் முழுசா வாசித்துவிட்டு, ஏசுவதென்றால் ஏசுங்கள்.

நம்மட பிரதேச சபை கட்டணங்களைத் திருத்தப் போகிறது. கல்யாண மண்டபம், டியூஷன் வகுப்பு, விற்பனைக் கண்காட்சி, மைதானம், எல்லாவற்றுக்கும் புது விலை. அதில் எனக்கு ஒரு பிரச்சினையும் இல்லை. கரண்ட் பில் எங்கே போய் நிற்கிறதென்று சபைக்கும் தெரியும், நமக்கும் தெரியும். பழைய விலைக்கு மண்டபத்தைக் கொடுத்துவிட்டு அதைக் கூட்டித் துடைக்கிறவருக்குச் சம்பளம் கட்ட முடியாது. மேடைச் சோடினைக்கே லட்சக்கணக்கில் செலவழிக்கிறவர் மண்டபத்துக்கும் கூடக் கொடுக்கட்டும்.

பிரச்சினை பட்டியலின் கடைசி வரி. "ஏனைய பாவனைகள்" என்று ஒன்று போட்டிருக்கிறார்கள். மாதத்தில் ஒரு நாள் மண்டபத்தின் பின் அறையில் நடக்கிற மனநல கிளினிக்கும் அதற்குள் விழுந்துவிட்டது. இதுவரை அந்த அறை இலவசம். இனி நாள் வாடகை. ஆஸ்பத்திரியின் மனநலப் பிரிவுக்கு மண்டப வாடகை கட்ட ஒதுக்கீடு கிடையாதாம். அப்போது கூட்டத்தில் ஒருவர் கண்டுபிடித்த தீர்வுதான் தலைப்பில் இருப்பது. வருகிற நோயாளியிடம் ஆளுக்கு 200 ரூபா வாங்குவோம் என்றார். "200 ரூபா எல்லாம் ஒரு காசா சேர்? ஒரு பிளேன்டியும் ரோல்ஸும்" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் வெட்கமாக இருந்தது.

ஏனென்றால் அந்த கிளினிக்குக்கு வருகிற ஒருவரை எனக்குத் தெரியும். ஆள் அடையாளம் தெரியக்கூடாது என்பதற்காகச் சிலதை மாற்றித்தான் எழுதுகிறேன். என் வகுப்பில் ஒரு பொடியன். மாதத்தில் ஒரு நாள் தவறாமல் வரமாட்டான். வரவு இடாப்பில் அந்த இடைவெளி ஒழுங்காக, கோடு போட்டது மாதிரி விழும். ஊர் சுத்தப் போகிறான் என்று நினைத்து இரண்டு தடவை ஏசியும் இருக்கிறேன். மூன்றாம் தடவைதான் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன். உம்மா வெளிநாட்டில் வீட்டு வேலை. வாப்பாவுக்கு மாதம் ஒரு ஊசி போட வேண்டும். இரண்டு பஸ் மாறி, ஆஸ்பத்திரியில் நின்று, மருந்து எடுத்துத் திரும்ப அஸர் ஆகிவிடும். கூட்டிப் போவது இவன்தான்.

கிளினிக் நம்மட ஊருக்கு வந்த பிறகு அவன் காலையில் வாப்பாவைக் கூட்டிப் போய் ஊசி போட்டு, வீட்டில் விட்டுவிட்டு மூன்றாம் பாடத்துக்கு வந்து நிற்கிறான். இடாப்பில் அந்த இடைவெளி இப்போது இல்லை.

இனி 200 ரூபாவைப் பார்ப்போம்.

காய்ச்சல் வந்தவனிடம் 200 கேட்டால் தோட்டை அடகு வைத்தாவது தருவான். நோவு அவனுக்குத் தெரிகிறது. இந்த நோயில் நோயாளிக்கே தனக்கு நோய் இருப்பது தெரியாத நாட்கள் உண்டு. "எனக்கு ஒண்டுமில்ல, நீதான் பைத்தியம்" என்று சொல்கிற மனிதரை 14 வயதுப் பிள்ளை கெஞ்சிக் கூத்தாடி வாசல் வரை கொண்டு வருகிறது. அந்த வாசலில் மேசை போட்டு ஒருவர் காசு கேட்டால் அவருக்குத் திரும்பிப் போக ஒரு காரணம் கிடைத்துவிடும். அந்த மாத ஊசி தவறும். அடுத்த மாதமும் தவறும். பிறகு இரவில் அந்த வீட்டில் கேட்கிற சத்தத்துக்கு நாம்தான் கதவைச் சாத்திக்கொண்டு இருப்போம்.

இரண்டாவது, பற்றுச்சீட்டு. சபை காசு வாங்கினால் பற்றுச்சீட்டு வெட்ட வேண்டும். பெயர், திகதி, எதற்காக என்று எழுத வேண்டும். நம்மட ஊரில் ஒரு கொப்பியில் எழுதியதை எத்தனை பேர் வாசிப்பார்கள் என்று நான் சொல்லத் தேவையில்லை. காக்கா கிளினிக் போகிறார் என்று தெரிந்து தங்கச்சிமாருக்குப் பேசின கல்யாணம் நின்ற கதை எல்லாத் தெருவிலும் இருக்கிறது. பின் கதவால் வந்து பின் கதவால் போகிறவர்களை ஏன் முன் மேசைக்கு இழுக்கிறீர்கள்?

"ஏழைகளுக்கு விலக்குக் கொடுப்போம், கிராம சேவகரிடமோ பள்ளிவாசலிலோ கடிதம் எடுத்து வரட்டும்" என்று இன்னொருவர் சொன்னார். நல்ல மனதோடுதான் சொன்னார். ஆனால் என்ன சொல்லிக் கடிதம் கேட்பது? "என்ட மகளுக்கு மனநோய், காசும் இல்ல" என்று ஒரு உம்மா நிருவாக சபைக்கு முன்னால் போய் நிற்க வேண்டுமா? அதைவிட அவர் 200 ரூபாவைக் கடன் வாங்கிக் கட்டுவார், அல்லது வராமல் விடுவார்.

கூட்டத்தில் கைதட்டு வாங்கிய கேள்வி வேறொன்று. "இசிம் பார்க்கிறவனுக்குப் பத்தாயிரம் கொடுக்கிறாங்க, இதுக்கு 200 கொடுக்க ஏலாதா?" உண்மை, கொடுக்கிறார்கள். ஜின் பிடித்திருக்கிறது என்று நம்புகிறவரை வளையலை விற்றும் கொடுப்பார்கள். அங்கே எல்லாம் கொடுத்து முடித்து, இனி விற்க ஒன்றுமில்லை என்ற நிலையில்தான் அநேகமானோர் கிளினிக் வாசலுக்கு வருகிறார்கள். கடைசியாக வருகிற இடத்திலும் ஒரு உண்டியலை வைப்போம் என்கிறீர்கள்.

இது புதுக் கதையும் இல்லை. 1971 இல் அரசாங்க ஆஸ்பத்திரிகளில் வெளிநோயாளர் ஆளுக்கு 25 சதம் கட்ட வேண்டும் என்று கொண்டு வந்தார்கள். அப்போதும் யாராவது "25 சதமெல்லாம் ஒரு காசா" என்று சொல்லித்தான் இருப்பார்கள். ஆஸ்பத்திரிக்கு வருகிற சனம் சடாரென்று குறைந்தது. 1977 இல் அதை நீக்கினார்கள். வருத்தத்தோடு வீட்டில் இருந்தவர்கள் யார் என்று யோசித்துப் பாருங்கள். 25 சதம் இல்லாத பணக்காரனா?

"சுகாதாரம் மாகாணத்துக்கும் அமைச்சுக்கும் உரியது, சபை ஏன் சுமக்க வேண்டும்" என்கிறவர்களுக்கும் ஒன்று. 1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின் 3 ஆம் பிரிவை எடுத்துப் பாருங்கள். சபையின் பொறுப்புகளில் பொதுச் சுகாதாரம் முன்னுக்கே நிற்கிறது, மக்களின் நலனும் சேர்த்துத்தான். ஆஸ்பத்திரி கட்டச் சொல்லி யாரும் கேட்கவில்லை. மாதத்தில் ஒரு நாள் ஒரு அறை, நாலு கதிரை, ஒரு காற்றாடி. அந்த அறையும் நம்மட சோலை வரியில்தான் நிற்கிறது. அந்தப் பொடியனின் வாப்பா சவர்க்காரம் வாங்கும்போது 18 சதவீத வற் வரியும் கட்டுகிறார். அவர் ஏற்கனவே காசு கட்டிவிட்டார்.

வருமானக் கணக்கையும் போடுவோம். கிளினிக்குக்கு அதிகம் வந்தால் 40 பேர். எல்லாரும் கட்டினாலும் 8,000 ரூபா. அதை வாங்க ஒரு ஆள், ஒரு புத்தகம், ஒரு மேசை. சபைக் கடைகளின் வாடகை நிலுவையில் ஒரு கடைக்காரரிடம் ஒரு மாதத்தைக் கறந்தால் இதைவிடக் கூட வரும். அவர் வாக்குள்ளவர், குரலுள்ளவர், அதனால் கேட்கப் பயம். இவர்கள் கேட்டால் சத்தம் போடமாட்டார்கள்.

2004 சுனாமிக்கு முன் நம்மட கரையில் மனநல சேவை என்று சொல்லப் பெரிதாக ஒன்றும் இருக்கவில்லை. ஒருவருக்குச் சுகமில்லையென்றால் "அங்கொடைக்கு அனுப்பு" என்பதுதான் வைத்தியமும் பகிடியும். அந்த அழிவுக்குப் பிறகு, 2005 இல் வந்த தேசிய மனநலக் கொள்கைதான் சேவையைப் பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து ஊருக்குள் கொண்டு போகச் சொன்னது. அத்தனை மையித்துக்குப் பிறகு வந்த சேவை அது.

கேட்பது ஒரு வரிதான். கட்டணப் பட்டியல் வர்த்தமானிக்குப் போக முதல், அரச சுகாதார சேவைகளுக்கு மண்டபம் இலவசம் என்று அதில் சேர்க்க வேண்டும், நோயாளியிடம் எந்தப் பெயரிலும் காசு வாங்கக்கூடாது. தவிசாளருக்குக் கடிதம் எழுதி வைத்திருக்கிறேன். மஃரிபுக்குப் பிறகு என் வீட்டுக்கு வந்தால் கையெழுத்துப் போடலாம். பெயர் போதும், அடையாள அட்டை இலக்கம் தேவையில்லை. கிளினிக்குக்குப் போகிற வீட்டு ஆக்கள் வர வேண்டாம். போகாத வீட்டு ஆக்கள் வாருங்கள்.